அன்று காலை அவன் மூன்று இட்லி சாப்பிட்டான்

மொட்டைமாடி:

ஆறு மாதம் ஆகிவிட்டது. வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். எங்கள் கருப்பன், ராட்வைலர், எட்டு வயது. முன்னங்கால் எலும்பில் புற்று. எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலிலும் புள்ளிகள் தெரிந்தன. இனிமேல் காலை எடுத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான், விடுங்கள்.

என்னை உறுத்துவது அந்தக் காலை. நாலு நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. வேகவைத்த கோழி, தயிர்சாதம், முட்டை, எதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை 11 மணிக்கு டாக்டர் வீட்டுக்கு வந்து அவனுக்குக் கடைசி ஊசி போடுவதாக ஏற்பாடு. அன்று எட்டு மணிக்கு அம்மா இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நின்றான். ஒரு இட்லியைப் பிட்டுப் போட்டாள். சாப்பிட்டான். இன்னொன்று. மொத்தம் மூன்று. அப்புறம் எப்போதும்போல என் லுங்கியில் வாயைத் துடைத்துக்கொண்டான்.

அம்மா என்னைப் பார்த்தாள். "போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடேன்டா" என்றாள். நான் போன் பண்ணவில்லை.

11:20க்கு எல்லாம் முடிந்தது. கீழுதட்டு மடிப்பில் ஒரு இட்லித் துணுக்கு அப்படியே இருந்தது. நான்தான் எடுத்தேன்.

காவேரிக்கரை:

தம்பி, உங்கள் மனதை நோகடிக்க இதை எழுதவில்லை. ஆனால் சாப்பிடுகிற ஜீவனை அன்றைக்கு அனுப்பியிருக்க வேண்டாம். அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம். எங்கள் பொமரேனியனுக்கு 15 வயது. கண் தெரியாது, காது கேட்காது, சுவரில் முட்டிக்கொண்டே நடக்கும். ஊசி போட்டுவிடலாம் என்று இரண்டு டாக்டர்கள் சொன்னார்கள். மாமியார் சம்மதிக்கவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் மடியில் படுத்திருந்தது, அப்படியே போய்விட்டது. அவர் புடவையில் அதன் சூடு கொஞ்ச நேரம் இருந்தது. கொடுத்தவன் எடுத்துக்கொள்ளட்டும், நாம் நாள் குறிக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

கரிசல்காடு:

மேலே எழுதிய அக்காவுக்கு. மடியில் தூங்கியபடி போகிற சாவு எல்லா நாய்க்கும் வாய்க்காது.

எங்களிடம் ஒரு சிப்பிப்பாறை பெட்டை இருந்தது. மினி லாரி அடித்து முதுகெலும்பு போய்விட்டது. பின்னங்கால் இரண்டிலும் உணர்வே இல்லை. நடந்தது சனிக்கிழமை இரவு. மறுநாள் ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. திங்கட்கிழமை ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் நான் ஊசி போடுவதில்லை, அதுவாகப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கும் அதுதான் எண்ணம், பாவத்துக்குப் பயந்தார். மோட்டார் ரூம் பக்கம் சாக்கு விரித்துப் போட்டோம்.

அது போக மொத்தம் ஐந்து நாள் ஆனது. சத்தம் போடவில்லை, அந்த ஜாதியே அப்படித்தான். ஆனால் அப்பாவின் டிவிஎஸ் 50 சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும், முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வரும். தினமும் அப்படித்தானே எதிர்கொண்டு போகும். வயிற்றுத் தோல் உரிந்துவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து அப்பா ஊர் எல்லையிலேயே வண்டியை அணைத்துவிட்டு, அரை கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இருட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு, காலடிச் சத்தம்கூடக் கேட்காமல் வந்தார்.

அந்த ஐந்து நாளில் யாராவது ஒரு ஊசி போட்டிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். இப்படிக் கிடக்கும் பிராணியை உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்றால் அதை முடித்துவிட 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மொட்டைமாடி, நீங்கள் போன் பண்ணாதது சரி.

பூனைவீடு:

நான் வாதத்துக்கு வரவில்லை. என் பூனைக்குக் கிட்னி போய்விட்டது. கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 11. மூன்று மாதம் வீட்டிலேயே தோலுக்கு அடியில் தினமும் 100 மில்லி டிரிப்ஸ் ஏற்றினேன். கடைசி நாளில் டாக்டர் "கூட இருக்கிறீர்களா?" என்று கேட்டார். முடியாது என்று வெளியே வந்துவிட்டேன்.

பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், எந்த அறையில் இருக்கிறாய் என்று நம்மைத் தேடிக் கூப்பிடுகிற குரல் ஒன்று உண்டு. கேள்வி கேட்கிற மாதிரி இருக்கும். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் குரல் இரண்டு தடவை கேட்டது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

பழைய போர்வை:

ஒன்பது பேரை அனுப்பியிருக்கிறேன், எல்லாம் தெருவில் எடுத்து வளர்த்தவை. கடைசியாகப் போனது ஒரு கிழட்டு நாட்டு நாய். மயக்க ஊசி ஏறும்போது என் கட்டைவிரலை நக்கிக்கொண்டே இருந்தது, நக்குவது பாதியில் நின்றது. அந்த விரலை அன்று முழுக்க நான் கழுவவில்லை.

சரி, இதைப் படிப்பவர்களுக்கு உதவும் என்று சில விஷயங்கள் சொல்கிறேன். முதலில் சதையில் மயக்க ஊசி போடச் சொல்லுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் நன்றாகத் தூங்கிவிடும். அதன் பிறகுதான் நரம்பில் குத்திவைக்கும் வென்ஃப்ளான் என்ற சின்னக் குழாய் வழியாக, மயக்க மருந்து வகையைச் சேர்ந்த தயோபென்டோனையோ பென்டோபார்பிட்டாலையோ அதிக அளவில் செலுத்துவார்கள். மூச்சு நிற்கும், இதயமும் நிற்கும், பெரும்பாலும் சில நிமிடத்துக்குள். கண் மூடாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நம்மைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது என்று காலமெல்லாம் அழுகிறோம். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம், உடம்பு துடிக்கலாம், சிறுநீர் போகலாம். அதற்கு வலி தெரியாது. பழைய போர்வை ஒன்றை விரித்து வையுங்கள். புதைப்பதாக இருந்தால் குழி நாலடியாவது இருக்கட்டும். மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும், வேறு நாயோ நரியோ தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. வலியைப் பார்க்க முடியாமல் நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், நாய்க்கு ஐபுப்ரோஃபென் விஷம்.

எப்போது என்று முடிவெடுக்கத் திணறுபவர்கள், ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வகுத்த கணக்கைப் போட்டுப் பாருங்கள். வலி இல்லாமை, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று போட வேண்டும். கூட்டினால் 35க்கு மேல் வருகிறவரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். நான் காலண்டரில் தினமும் குறிப்பேன். நாமே குறித்த எண் கண்ணெதிரே இறங்கும்போது மனசு கொஞ்சம் ஒத்துக்கொள்கிறது.

பூனைவீடு, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெளியே உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர்.

மொட்டைமாடி, உங்களிடம் ஒரு கேள்வி. அதற்கு முந்தின நாள் ஏதாவது ஊசி போட்டார்களா? ஸ்டீராய்டு போட்டால் வீக்கம் குறையும், வலி அடங்கும், நாய்க்குப் பசியும் கிளம்பும். கட்டி அப்படியேதான் இருக்கும். ஃபைலைப் பாருங்கள்.

காவேரிக்கரை:

என் எண்ணம் மாறவில்லை. ஆனால் கரிசல்காடு எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த மனுஷன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார் என்ற இடத்தில் போதும் நிறுத்து என்று சொல்லிவிட்டார். தம்பி, முதலில் உங்களுக்கு எழுதியதைக் கொஞ்சம் ஆறுதலாகவே எழுதியிருக்கலாம்.

மொட்டைமாடி:

ஃபைலை எடுத்துப் பார்த்தேன். புதன்கிழமை மாலைத் தேதியில் "டெக்ஸா" என்று ஒரு வரி, ஸ்டீராய்டுதான். வலி தாங்காமல் முனகுகிறான் என்று நான்தான் அழைத்துப் போனேன், ஊசி போட்டார்கள். அது மறந்தே போயிருந்தது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த மூன்று இட்லியை அவள் எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பிழைத்திருப்பான் என்று நினைக்கிறாளா, கடைசியாகத் தன் கையால் ஆசையாகச் சாப்பிட்டான் என்று நினைக்கிறாளா? முதலாவது என்றால் இன்றைக்கே சொல்லிவிடலாம். இரண்டாவது என்றால் அது மருந்தால் வந்த பசி என்று நான் எப்படிச் சொல்வேன்? இப்போதும் இட்லி ஊற்றும் நாளில் முதல் இட்லியைப் பிட்டுத் தட்டின் ஓரத்தில் வைக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துக் காக்காய்க்குப் போடுகிறாள்.