மறு: கைனேஸுக்குத் தமிழ்ச்சொல்: 'இயக்கி' வேண்டாம், 'பாஸ்பூட்டி' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து வேறொரு மூலக்கூறில் வைக்கும் நொதிதான் கைனேஸ். அதற்கு 'இயக்கி' என்று வைக்கலாம் என மதுரை அன்பர் எழுதியிருந்தார். கிரேக்க வேருக்கு அசைவு என்று பொருள் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேர் இங்கே வந்து சேர்ந்த கதையைப் பார்த்தால் அதை நம்பிச் சொல்லாக்க மனம் வரவில்லை. ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆய்வகத்தில், கணையத்திலிருந்து தூங்கியபடி வரும் செரிமான நொதியைக் குடலில் உள்ள ஒரு பொருள் எழுப்பிவிடுவதைக் கண்டு, அதற்கு என்டிரோகைனேஸ் என்று பெயரிட்டார்கள். அது புரதத்தை வெட்டும் நொதி. அதற்கும் பாஸ்பேட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பின்னால் மேயர்ஹாஃப் என்ற உயிர்வேதியியலர் சர்க்கரை வேதியியலில் ஹெக்ஸோகைனேஸ் என்ற பெயரைக் கொண்டுவர, பாஸ்பேட் வேலை செய்யும் நொதிகளுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மூலச்சொல்லே வேலையைச் சொல்லாதபோது அதன் வேரைப் பெயர்த்து நமக்கு என்ன கிடைக்கும்?

அதைவிடப் பெரிய சிக்கல், கைனேஸ் எப்போதும் இயக்குவதில்லை. செல்லின் மேற்பரப்பில் நின்று வெளியிலிருந்து வரும் செய்தியைப் பெறும் புரதங்களான ஏற்பிகளிடம் அது நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

ஆஸ்துமாக்காரர் உறிஞ்சும் சால்புடமால், மூச்சுக்குழாய்த் தசையில் உள்ள பீட்டா-2 ஏற்பியில் போய் அமர்கிறது. தசை தளர்கிறது, மூச்சு வருகிறது. ஏற்பி வேலையைத் தொடங்கியதும் ஜி.ஆர்.கே. என்ற கைனேஸ் வருகிறது. அது எல்லா ஏற்பிகளையும் தொடாது. மருந்து அமர்ந்து விழித்திருக்கும் ஏற்பியைப் பார்த்துப் பிடிக்கும். ஏ.டி.பி.யின் கடைசிப் பாஸ்பேட்டை எடுத்து, அந்த ஏற்பியின் உட்பக்க வாலில் செரின், திரியோனின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கும் இடங்களில் வைக்கும். பாஸ்பேட்டோடு எதிர்மின்னூட்டமும் வாலில் ஏறிவிடுவதால், அரெஸ்டின் என்ற புரதத்துக்குப் பிடிமானம் கிடைக்கிறது. அது வந்து பற்றிக்கொண்டபின், செய்தியை உள்ளே கடத்தும் ஜி-புரதத்துக்கு அங்கே இடமில்லை. ஏற்பியின் குரல் அடங்குகிறது, செல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உறிஞ்சும் மருந்தை ஓயாமல் எடுத்தால் அதன் பலன் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த ஏற்பிக் குடும்பத்தைத் துலக்கியதற்காகத்தான் லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே கைனேஸ் செய்வது அடக்கும் வேலை. இதற்கு 'இயக்கி' என்று பெயர் வைத்துவிட்டு மாணவருக்கு என்ன விளக்கம் சொல்வேன்?

இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியில் நடப்பது இதற்கு நேர்மாறு. அந்த ஏற்பிக்குள்ளேயே கைனேஸ் பகுதி இருக்கிறது. காரணி வந்து அமர்ந்ததும் இரண்டு ஏற்பிகள் இணைசேர்ந்து, ஒன்றன் வாலில் மற்றது டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடங்களில் பாஸ்பேட்டை வைக்கும். செல்லுக்குள் செய்தி பாயும். அதே ஏற்பியில் 654-ஆம் இடத்தில் ஒரு திரியோனின் இருக்கிறது. புரதக் கைனேஸ்-சி வந்து அங்கே பாஸ்பேட்டை வைத்தால் ஏற்பியின் வேகம் தணிந்துவிடும். ஒரே ஏற்பி, ஒரே பாஸ்பேட். வைக்கிற இடம் மாறினால் விளைவு தலைகீழ். எனவே நமக்கு வேண்டிய சொல் விளைவைச் சொல்லக்கூடாது, செயலைச் சொல்லவேண்டும்.

பாஸ்பேட்டை வைக்கும் செயலுக்கு யாழ்ப்பாணத்து அன்பர் சொன்ன 'பொசுபோரிலேற்றம்', நம் பக்கத்துப் 'பாஸ்பேற்றம்' இரண்டும் செயலைத்தான் சொல்கின்றன. அவற்றின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. வகுப்பறையில்தான் இடறுகின்றன. கைனேஸ் 'பாஸ்பேற்றி' ஆகிவிட்டால், பக்கத்திலேயே 'ஏற்பி' நிற்கிறது. புதுவயலிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகள் விடைத்தாளில் 'ஏற்றி'யையும் 'ஏற்பி'யையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஓரெழுத்து மாறினால் வரியே கவிழ்ந்துவிடுகிறது. அது பிள்ளைகளின் பிழை அல்ல. நாம் கொடுத்த சொற்களின் பிழை.

சென்ற மாதம் கண்டனூரில் ஒரு கல்யாணம். முகப்பில் நின்ற பெரியவர் ஒருவர், "நேரமாச்சு, திருப்பூட்டச் சொல்லுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். தாலியான கழுத்துருவைக் கழுத்தில் அணிவிப்பதை எங்கள் பக்கம் திருப்பூட்டுதல் என்றுதான் சொல்வோம். மாலையில் கூட்டம் கலைந்தபின் அந்த வீட்டு ஆச்சி, "இரண்டாங்கட்டைப் பூட்டியாச்சா?" என்று கேட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் இந்த ஒரு சொல்தான் மனத்தில் ஓடியது. கதவைப் பூட்டினால் நடமாட்டம் நிற்கும். வண்டியில் மாட்டைப் பூட்டினால் நடமாட்டம் தொடங்கும். ஏர் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். எல்லாவற்றிலும் செயல் ஒன்றே: ஒன்றை இன்னொன்றில் பொருத்திப் பிணைப்பது. நிற்பதும் ஓடுவதும் எதில் பூட்டினோம் என்பதைப் பொறுத்தது. கைனேஸின் வேலையும் இதுவேதான்.

ஆகவே என் முன்மொழிவு: பாஸ்பேட்டுப் பூட்டல், சுருக்கமாகப் பாஸ்பூட்டல், அதைச் செய்யும் நொதி பாஸ்பூட்டி. அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸுக்குப் பாஸ்பவிழ்ப்பி. வண்டி மாட்டை அவிழ்த்துவிடுகிறோம் அல்லவா, அந்த அவிழ்ப்பு. மனித மரபணுத்தொகுதியில் புரதக் கைனேஸ்கள் 518 என்று 2002-இல் கணக்கிட்டார்கள். நம் சொல் அத்தனை பெயர்களையும் தாங்கவேண்டும். 'ஏற்பி டைரோசின் பாஸ்பூட்டி' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை.

காரைக்குடியிலிருந்து, உயிர்வேதியியல் ஆசிரியை

*

அம்மா, வணக்கம்.

திருப்பூட்டிலிருந்து சொல் எடுத்தது மகிழ்ச்சி. இரண்டு மறுப்புகள். 'பூட்டி' என்றால் பாட்டிக்குத் தாய் என்று பல ஊர்களில் வழங்குகிறது. அடுத்து, 'பாஸ்பூட்டி'யில் புணர்ச்சி எப்படி? பாஸ்பேட்டின் பாதி எங்கே போயிற்று?

தேவகோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

ஐயா, வணக்கம்.

முதல் மறுப்பை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே 'பூட்டி' என்று தனியே எழுதவேண்டாம்; 'பாஸ்' முன்னொட்டு இல்லாமல் அந்தச் சொல் பாடநூலில் வரவே கூடாது என்று வரையறையிலேயே சேர்த்துவிடலாம். புணர்ச்சியில் நீங்கள் சொல்வது சரி, இலக்கணப்படி இது மரூஉதான். முதன்முறை வரும் இடத்தில் 'பாஸ்பேட்டுப் பூட்டி' என்று முழுதாக எழுதிவிட்டுப் பிறகு சுருக்கத்தை ஆளலாம். அதுவும் உங்கள் காதுக்கு உறுத்தினால் முழுச்சொல்லையே வைத்துக்கொள்வோம். எனக்குப் 'பூட்டு' இருந்தால் போதும்.

வேறொரு இடத்தில்தான் எனக்குத் தெளிவு வேண்டும். ஃபிஷர், கிரெப்ஸ் என்ற உயிர்வேதியியலர் இருவரும் 1950-களில் புரதங்களில் இந்தப் பூட்டலையும் அவிழ்ப்பையும் கண்டறிந்ததே பாஸ்பாரிலேஸ் என்ற நொதியில்தான். 1992-இல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. அந்தப் பாஸ்பாரிலேஸ் பாஸ்பேட்டைக் கொண்டு, உடல் சேமித்துவைக்கும் சர்க்கரைத் தொடரான கிளைக்கோஜனைப் பிளப்பது. அதன்மேல் பாஸ்பேட்டைப் பூட்டுவது வேறொரு நொதி, பாஸ்பாரிலேஸ் கைனேஸ். பெயர் ஒலியால் இரண்டும் குழம்பும். பாஸ்பாரிலேஸுக்குப் 'பிளப்பு' என்ற பொருள் தெரியும் ஒரு சொல் உங்கள் வழக்கில் உண்டா? விறகு பிளப்பது, கல் உடைப்பது போன்ற தொழில்களில் கேட்ட சொல்லாக இருந்தாலும் அனுப்புங்கள். வருகிற பருவத்துக்கான பாடக்குறிப்பில் கைனேஸையும் பாஸ்பூட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டேன். பாஸ்பாரிலேஸுக்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருக்கிறது.