கிருமிக்கு மருந்து முதலா, இம்யூனோதெரபி முதலா?

ஹட்டன்காரி:
அப்பாவுக்கு 63 வயது. தேயிலைக் கொழுந்து மடுவத்தில் நிறுவை பார்த்தவர். இருபது வருசமாக நெஞ்செரிந்தால் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒரு ஒமெப்ரசோலைப் போட்டு ப்ளேன்டீ குடிப்பார். "கேஸ்ட்ரைட்டிஸ் இல்லாத தோட்டத்து ஆள் யாரு?" என்பார். இப்போது நுரையீரலில் புற்றுநோய். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோயெதிர்ப்பையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை, பற்றிப் பேசுகிறார்கள். போன மாதம் வயிற்றுக்குள் கெமரா விட்டு, ஒரு துணுக்கை எடுத்து மஞ்சள் ஜெல்லில் போட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோஸ் நிறமானது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமியாம். அது இருந்தால் இம்யூனோதெரபி வேலை செய்யாது என்று தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். முதலில் கிருமியைக் கொல்லச் சொல்லிக் கேட்கட்டுமா?

பதுளை வாசன்:
கேளுங்க தங்கச்சி. என் மாமாவுக்கு 14 நாள் மருந்து கொடுத்தார்கள். வாயெல்லாம் செம்புக் காசு கசப்பு, ஆனால் அல்சர் ஆறிவிட்டது.

லேப் அக்கா:
வாசன், உங்கள் மாமாவுக்கு இருந்தது அல்சர் மட்டும். இது வேறு கதை.

தம்பி அனுப்பியது முழுப் பொய் இல்லை. 2022இல் சுவிஸ் ஆய்வாளர்கள் இந்தக் கிருமி உள்ள எலிகளில் இம்யூனோதெரபியின் பலன் குறைவதைக் கண்டார்கள். கட்டியை அடையாளம் காட்ட வேண்டிய நோயெதிர்ப்புச் செல்கள் அங்கே மந்தமாகிவிடுகின்றன. இம்யூனோதெரபி பெற்ற நுரையீரல் புற்றுநோயாளிகளில் கிருமி பட்டவர்களும் குறைந்த காலமே உயிர் வாழ்ந்தார்கள். ஆனால் அது சிறிய கூட்டம். "குறையலாம்" என்பது "வேலை செய்யாது" ஆகிவிடாது.

1994இலேயே புற்றுநோய் உண்டாக்கும் கிருமி என்று பட்டியலில் ஏறியதுதான், ஆனால் அது இரைப்பைப் புற்றுநோய்க்கு. அப்பாவின் நுரையீரலுக்கு இதைக் குற்றம் சொல்லாதீர்கள்.

சிக்கல் இதுதான்: கிருமியைக் கொல்லக் கொடுப்பது அன்டிபயோட்டிக். இம்யூனோதெரபி தொடங்கும் சமயத்தில் அன்டிபயோட்டிக் எடுத்தவர்களுக்கும் பலன் குறைந்ததாகப் பல ஆய்வுகள் உண்டு. ஆகவே எதை முதலில், எத்தனை நாள் இடைவெளியில் என்பதைப் புற்றுநோய் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக பாமசியில் வாங்கிவிடாதீர்கள். அந்தக் கெமராப் பரிசோதனை (எண்டோஸ்கோப்பி) முடிவைக் கிளினிக் கொப்பியில் ஒட்டிக் கொண்டுபோங்கள். ஒமெப்ரசோலையும் மறக்காமல் சொல்லுங்கள், அதைத்தான் எல்லோரும் மிட்டாய் என்று நினைக்கிறார்கள்.

ஹட்டன்காரி:
சரி அக்கா. ஒட்டிவிட்டேன், காலியான ஒமெப்ரசோல் அட்டையோடு. அப்பா முறைக்கிறார். அம்மாவுக்கும் தொற்றியிருக்குமா? இருவருக்கும் ஒரே குவளைதான்.

லேப் அக்கா:
வீட்டுக்குள் பரவும். மூச்சுப் பரிசோதனை செய்யலாம். அம்மாவும் ஒமெப்ரசோல் போடுகிறவர் என்றால், வைத்தியரிடம் கேட்டு இரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் போங்கள். நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.