சவரக்கத்தி கொம்புப் பிடியில் ஆணித்துளை விரிசல்: ஒட்டினால் நிற்கவில்லை

பாளை_வாசகன்:
பழைய ஷெஃபீல்டு மடக்குக் கத்தி. அலகு சுத்தமா இருக்கு. பிடி எருமைக்கொம்பு. அலகு திரும்புற ஆணித்துளையில் தொடங்கி, பிடியின் ரெண்டு பட்டையில் ஒண்ணில் 2 செ.மீ. நீளத்துக்கு விரிசல். அமுக்கினா வாய் திறந்து மூடுது. மேலாக விட்ட பெவிக்விக் ரெண்டே நாளில் விட்டுப்போச்சு. ஆணியைக் கழற்றாமல் சரிபண்ண முடியுமா அண்ணாச்சி?

பொருநைக்கரை:
முடியாது தம்பி. துளையில் தொடங்கின விரிசலைப் பெரும்பாலும் பிளக்கிறதே ஆணிதான். கொம்பு நம்ம நகம் மாதிரி. கோடையில் காய்ந்து சுருங்கும், ஆணி சுருங்காது. பித்தளையில் களிம்பு ஏறியிருந்தா இன்னும் நெருக்கும். அந்த நெருக்கம் இருக்கிறவரை எந்தப் பசையும் நிக்காது.

முதலில் அலகின் வாய்க்கு ரெண்டு சுற்று டேப். ஆணித்தலையைச் சுற்றிக் கொம்பிலும் டேப் ஒட்டிட்டு, ஒரு பக்கத் தலையை மட்டும் வாஷர் கழன்று வரும்வரை பொடி அரத்தால் அராவுங்க. பிடியைத் துளையிட்ட மரக்கட்டையில் வைத்து, 1.5 மி.மீ. இரும்புக் கம்பியால் ஆணியை மெதுவா தட்டித் தள்ளுங்க. டிரில் வேண்டவே வேண்டாம். பித்தளையைவிட கொம்பு மெத்து, முனை அந்தப் பக்கம் ஓடிரும்.

அசிட்டோனில் நனைத்த காகிதத்துண்டை விரிசலுக்குள் விட்டு இழுத்தா பழைய பசை வரும். ஒரு நாள் நிழலில் காயணும். பிறகு பெவிக்விக் மாதிரிப் பசையிலேயே தண்ணியா ஓடுற ரகம்: விரிசலை லேசா விரித்து ஒரு முனையில் ஒரே சொட்டு, தானே உறிஞ்சிக்கும். மெழுகுதாள் வைத்து, ரெண்டு மரச்சில்லுக்கு நடுவே துணிக் கிளிப் போட்டு 24 மணி நேரம் விடுங்க. ரொம்ப இறுக்கினா பசை பிதுங்கி, உள்ளே ஒண்ணும் மிஞ்சாது.

கருப்பந்துறை:
அசிட்டோன் எடுக்கும் முன் கொம்புதானான்னு உறுதி பண்ணுங்க. செல்லுலாய்டும் அப்படியே இருக்கும், அசிட்டோனில் கரைஞ்சிரும். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து மோந்து பாருங்க. கற்பூர வாசம் வந்தா செல்லுலாய்டு. சூட்டூசி வைக்காதீங்க, சட்டுன்னு தீப்பிடிக்கும்.

இன்னொண்ணு, துளையோரம் வெறும் ஒட்டை நம்ப வேண்டாம். பட்டையின் உள்பக்கம் 320 நம்பர் உப்புத்தாளால் சுரசுரப்பாக்கி, மெல்லிய பருத்தித் துணித்துண்டை எபாக்ஸியில் (ரெண்டு பாகம் கலந்து போடுற பசை) தோய்த்து ஒட்டணும். தடிமன் கூடினா அலகு உரசும், காய்ந்ததும் தேய்த்துக் குறைங்க. கொம்புத்தூளுக்கு முகமூடி அவசியம்.

பாளை_வாசகன்:
கற்பூர வாசம் இல்லை, நார் ஓட்டமும் தெரியுது. எண்ணெய் எப்போ போடணும்? புது ஆணி என்ன அளவு?

பொருநைக்கரை:
எண்ணெய் கடைசியில். முன்னாடியே போட்டா விரிசலுக்குள் இறங்கி, பசை பிடிக்காது. மருந்துக்கடை திரவப் பாரஃபினைத் தடவி ஒரு ராத்திரி விட்டுத் துடைங்க.

ஆணிக்குப் பொதுவா 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி, பழைய ஆணியை அளந்துக்கோங்க. கிடைக்கலேன்னா நகை ஆசாரியிடம் கேளுங்க, அளவுக்கு இழுத்துத் தருவார். துளையில் சிரமமில்லாமல் நுழையணும். வாஷருக்கு வெளியே ரெண்டு பக்கமும் 1 மி.மீ.க்கு மேல் விடாதீங்க, நீளம் கூடினா கம்பி வளையும். இரும்புக்கட்டையில் வைத்து, சின்ன உருண்டைத்தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்க. ஓங்கி அடிச்சா ஆணி துளைக்குள்ளேயே பருத்து, ஒட்டின இடத்திலேயே திரும்பப் பிளக்கும். பத்துத் தட்டுக்கு ஒருமுறை அலகைத் திருப்பிப் பாருங்க. தானா விழாமல், விரலுக்கு இணங்கித் திரும்பினா அதோடு நிறுத்திருங்க.