மூணு சிஸ்டம் திக்குது, நாஸ் வாங்குனா தீருமா? (மதுரை)

புதூர்_ஸ்டூடியோ:
அண்ணன்மாருக்கு வணக்கம். கே.புதூர்ல கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றோம், கீழ புரோட்டா கடை, மாடில நாங்க. மூணு சிஸ்டம். இம்புட்டு நாளும் ஹார்ட் டிஸ்க்க கைல தூக்கிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கிட்டு இருந்தோம், ஆவணி முகூர்த்தத்துல வேல குவிஞ்சிருச்சு, அதனால என் சிஸ்டத்துல 5 டிபி போர்ட்டபிள் டிஸ்க்க மாட்டி விண்டோஸ் ஷேரிங் போட்டு மத்த ரெண்டு பசங்களும் அதுல இருந்தே பிரீமியர்ல எடிட் பண்ற மாதிரி வச்சேன். என் சிஸ்டத்துல ஓடுது, ரெண்டாவது திக்கித் திக்கி ஓடுது, மூணாவதுல பிளே அமுக்கினா படம் அப்டியே நின்னு போகுது, நாதஸ்வரம் மட்டும் வாசிச்சுக்கிட்டு இருக்கு. உசிலம்பட்டி பார்ட்டி தினமும் போன் போட்டு ஹைலைட் என்னாச்சுன்னு கேக்குறாக. ஒரு டீலர் நாஸ் (எல்லா சிஸ்டமும் நெட்வொர்க் வழியா பொதுவா படிக்கிற டிஸ்க் பெட்டி) போட்டா எல்லாம் சரியாயிரும்னு ரெண்டு லட்சத்துக்கு கொட்டேஷன் குடுத்திருக்கார். வாங்கலாமா?

வைகைக்கரை:
தம்பி காசு எடுக்காதீங்க, மொதல்ல கேள்விக்கு பதில் சொல்லுங்க. எந்த கேமரா, என்ன ஃபார்மட்டு? மூணு சிஸ்டத்துலயும் என்ன பிராசஸர், என்ன கார்டு? அப்புறம் ரெண்டாவது, மூணாவது சிஸ்டத்துல செட்டிங்ஸ் உள்ள போயி ஈதர்நெட்ட தொட்டா லிங்க் ஸ்பீடுன்னு ஒரு வரி இருக்கும், அதுல 1000 இருக்கா 100 இருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு, ஒரே ஒரு கிளிப்ப அந்தந்த சிஸ்டத்தோட சொந்த எஸ்எஸ்டில காப்பி பண்ணி ஓட்டிப் பாருங்க. அங்கயும் திக்குச்சுன்னா நெட்வொர்க் மேல பழி போட்டு பிரயோஜனம் இல்ல.

புதூர்_ஸ்டூடியோ:
அண்ணே பாத்துட்டேன். மூணு சோனி கேமரா, எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ் (சோனியோட ஹெச்.265), 4கே 50பி, 4:2:2 10 பிட், 200 எம்பிபிஎஸ். என் சிஸ்டம் ஐ7 13700. ரெண்டாவது ரைசன் 5 5600எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 3060. மூணாவது ஐ5 12400. ரெண்டாவதுல எஸ்எஸ்டில போட்டும் திக்குது, மூணாவதுல எஸ்எஸ்டில போட்டா வெண்ணெய் மாதிரி ஓடுது!! லிங்க் ஸ்பீடு ரெண்டாவதுல 1000, மூணாவதுல 100/100ன்னு காட்டுது. இது தப்பா?

வைகைக்கரை:
அதான் வியாதி. உங்களுக்கு ரெண்டு சிஸ்டத்துல ரெண்டு தனித்தனி நோய், டீலர் ரெண்டுக்கும் ஒரே மாத்திரைய எழுதிக் குடுத்திருக்கார்.

மூணாவது சிஸ்டத்த எடுத்துக்கங்க. 200 எம்பிபிஎஸ்ன்னா அது பிட்டு கணக்கு, எட்டால வகுத்தா ஒரு கேமராவுக்கு செகண்டுக்கு 25 எம்பி. 100 லைன்ல எப்படி முக்குனாலும் 11, 12 எம்பிக்கு மேல வராது. ஒரு கேமராவே ஓடாது, நீங்க மூணு கேமராவையும் ஒண்ணா ஓட்டுற மல்டிகேம் போட்டா? ஜிகாபிட்டுக்கு கேபிள்ல எட்டு கம்பியும் வேணும், 100க்கு நாலு போதும், அதனால ஒரு ஜோடி அத்துப்போனாலும் நெட்டு என்னமோ வரும், ஆனா சத்தமில்லாம 100க்கு எறங்கிரும். கேபிள ஸ்விட்ச்ல இருந்து கடைசி வரைக்கும் கையால தடவிப் பாருங்க.

ரெண்டாவதுல கார்டு பிரச்சினை. என்விடியால 50 சீரிஸ் வர்றதுக்கு முந்தின கார்டு எதுவும் 4:2:2வ, அதான் கலர் வெவரம் கூடுதலா இருக்கிற உங்க ஃபார்மட்ட, ஹார்டுவேர்ல பிரிக்காது. இன்டெல்ல 11வது தலைமுறையில இருந்து உள்ளயே இருக்கிற கிராபிக்ஸ் ஹெச்.265 4:2:2வ பிரிச்சுக் குடுத்துரும், அதான் உங்க ஐ5 பாவம் சின்னப் பையன் ஓட்டுறான், 3060 போட்ட ரைசன் முக்குறான். டாஸ்க் மேனேஜர்ல பிளே பண்ணும்போது பாருங்க, ஜிபியு பக்கம் வீடியோ டீகோட் சும்மா படுத்துக்கெடக்கும், சிபியு மட்டும் உச்சில நிக்கும்.

கேபிள்_கருவாயன்:
புரோட்டா கடைக்கு மேலன்னு சொன்னவொடனே எனக்கு தெரிஞ்சுபோச்சு. எலி.

புதூர்_ஸ்டூடியோ:
@கேபிள்_கருவாயன் அண்ணே உங்க வாய்க்கு சர்க்கரை போடணும். ஃபால்ஸ் சீலிங் ஓட்டைய தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஒரு முழத்துக்கு மேல் தோல கொறிச்சு வச்சிருக்கு, பிரவுன் ஜோடி ரெண்டு கம்பியும் அத்துப்போயி செம்பு பளபளன்னு தெரியுது, ஆரஞ்சும் பச்சையும் மட்டும் தப்பிச்சிருக்கு. பக்கத்துலயே காஞ்ச புரோட்டா துண்டு ஒண்ணு வேற கெடக்கு.

கேபிள்_கருவாயன்:
ஒட்டுப் போட்டு டேப் சுத்தாதீங்க, புதுசா கேட்6 கேபிள் இழுங்க, சுத்த செம்பான்னு கேட்டு வாங்குங்க, அலுமினியத்துல செம்பு முலாம் பூசினத விலை கம்மின்னு தள்ளி விடுவாங்க. பிவிசி பைப்புக்குள்ள விட்டு ரெண்டு முனையையும் அடைச்சிருங்க. 10 ஜி (10 ஜிகாபிட்) வேணும்னு பின்னால ஆசப்பட்டாலும் கேட்6 55 மீட்டர் வரைக்கும் தாங்கும், உங்க மாடிக்கு அது எதேஷ்டம்.

தல்லாகுளம்_டிஐடி:
அப்போ ஸ்டோரேஜ் கேள்விக்கு வருவோம், ஏன்னா கேபிள் மாத்தினாலும் அந்த போர்ட்டபிள் டிஸ்க் உங்கள கவுக்கும். ஒரு ஆளு நேரா ஒரே ஃபைல படிச்சா அது 100க்கு மேல தரும், மூணு பேரு ஆளுக்கு மூணு கேமரான்னு ஒம்போது எடத்துல படிக்கச் சொன்னா ஊசி அங்கிட்டும் இங்கிட்டும் அல்லாடும், வேகம் பாதாளத்துக்குப் போயிரும். நாஸ் வேணும்தான். ஆனா அதுலயும் கணக்குப் பாருங்க, ஒரு ஆளுக்கு மூணு கேமரா ஒரிஜினல்னா 75 எம்பி, ஜிகாபிட்ல நடைமுறைல வர்றது 110. ரெண்டு ஆளு ஒண்ணா உக்காந்தா நாஸ் எவ்ளோ பெரிசா இருந்தாலும் அந்த ஒத்த வாய்க்கால்ல தண்ணி பாயாது. டீலர் கொட்டேஷன்ல நாஸ்ல என்ன போர்ட்டு, என்ன ஸ்விட்ச்சுன்னு பாருங்க.

புதூர்_ஸ்டூடியோ:
4 பே (நாலு டிஸ்க் மாட்டலாம்), 1 ஜிகாபிட் போர்ட் ரெண்டு. ரெண்டையும் சேத்தா 2 ஜிகாபிட் ஆயிரும்னாரு.

தல்லாகுளம்_டிஐடி:
அப்டி சேக்குற லிங்க் அக்ரிகேஷன் போட்டா ரெண்டு பேருக்கு ஆளுக்கொரு ரோடு கெடைக்கலாம், ஒரு ஆளுக்கு ரெண்டு ரோடு கெடைக்காது. வேணாம். 10 ஜி கார்டு போட எடம் இருக்கிற பாக்ஸ் பாருங்க, நாஸ்ல இருந்து ஸ்விட்ச்சுக்கு 10 ஜி, சிஸ்டத்துக்கெல்லாம் 2.5 ஜி, அதுவே ஆளுக்கு 280 எம்பி கிட்ட வரும்.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆரான்னு, அதாவது தடங்கள தனித்தனியா எழுதுற டிஸ்க்கான்னு பாருங்க. எஸ்எம்ஆர்ங்கிறது நாட்டு ஓடு வேயிற மாதிரி தடத்து மேல தடத்த ஏத்தி எழுதுறது, நடுவுல ஒரு ஓட்ட மாத்தணும்னா பக்கத்து ஓட்டையும் உருவணும், ரெய்டுல (பல டிஸ்க்க ஒண்ணா சேத்து, ஒண்ணு செத்தாலும் டேட்டா தப்பிக்கிற ஏற்பாடு) ஒரு டிஸ்க் செத்து புதுசு போட்டா ரீபில்ட் ஆகுறதுக்குள்ள உங்களுக்கு நரைச்சிரும். நாலு 8 டிபி ரெய்டு 5ல போட்டா ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக 24 டிபி கைல நிக்கும். உங்க ஃபார்மட்டு மணிக்கு 90 ஜிபி, மூணு கேமராவும் நாலு மணி நேரம் ஓடினா ஒரு கல்யாணத்துக்கே 1 டிபிக்கு மேல.

மேலூர்_மணி:
எதுக்குய்யா இம்புட்டு செலவு, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல ட்ரூநாஸ்ங்கிற நாஸ் சாஃப்ட்வேர ஏத்துனா ஓசில முடிஞ்சது. நான் அப்டித்தான் ஓட்டுறேன்.

வைகைக்கரை:
மணி, நீங்க ஓட்டுவீங்க, உங்களுக்கு அது பொழுதுபோக்கு. முகூர்த்தத்துக்கு முந்துன நாள் ராத்திரி ஒரு மணிக்கு பூல் மவுண்ட் ஆகல, டிஸ்க்கெல்லாம் தொறக்கலன்னா தம்பி யாருக்கு போன் போடுவாப்ல? உங்க நம்பர குடுங்க, அப்ப நானும் சரிங்கிறேன்.

தம்பி, ரைசனுக்கு இப்போதைக்கு கார்டு மாத்த வேணாம், பிராக்ஸி போடுங்க, அதான் எடிட் பண்றதுக்கு மட்டும் லேசான காப்பி. 1080 புரோரெஸ் பிராக்ஸி 50பில 76 எம்பிபிஎஸ்தான், மூணு கேமராவுக்கும் சேத்து 29 எம்பி கிட்ட, மூணு பேரும் ஒண்ணா உக்காந்தாகூட இப்ப இருக்கிற ஜிகாபிட்டே தாங்கிரும், டிஸ்க் மட்டும் ஒழுங்கா இருக்கணும். கார்ட காப்பி பண்ணின ராத்திரியே உங்க 13700ல பிராக்ஸி போட்டு விட்டுட்டு தூங்கப் போங்க. மீடியா கேஷ (பிரீமியர் தானா எழுதி வைக்கிற தற்காலிக ஃபைல்கள்) மட்டும் நாஸ்ல வைக்காதீங்க, அந்தந்த சிஸ்டத்து என்விஎம்இ எஸ்எஸ்டிலயே இருக்கட்டும். ரெய்டு பேக்கப் கெடையாது, பாப்பா ஃபோல்டர டெலீட் பண்ணினா ரெய்டும் சேந்து டெலீட் பண்ணும், அந்த 5 டிபி டிஸ்க்க தூக்கிப் போடாம அதுல ஒரு காப்பி எடுத்து வீட்டு பீரோல வைங்க. நம்மூர் கரண்டு தெரியும்ல, மாசாந்திர பராமரிப்புன்னாவது சொல்லிட்டு நிறுத்துவான், மழை வந்தா சொல்லாம நிறுத்துவான், யூபிஎஸ்ல இருந்து நாஸுக்கு யூஎஸ்பி வயர் குடுத்து வச்சா அதுவே பாத்து ஒழுங்கா படுத்துக்கும்.

புதூர்_ஸ்டூடியோ:
ரெண்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. கேபிள் மாத்தியாச்சு, மூணாவதுல 1000 காட்டுது, காப்பி போட்டா 108ல நிக்குது. உசிலம்பட்டி ஃபுட்டேஜுக்கு நைட்டே பிராக்ஸி போட்டேன், ரைசன்ல மூணு கேமராவும் ஓடுது, பையன் நம்பாம கீக்குயில்குடி தாமரைக்குளத்து ட்ரோன் ஷாட்டையே பத்து தடவ ஓட்டிப் பாத்தான். ஆனா அண்ணே, மூணு பேரும் சேந்து உக்காந்தா தல்லாகுளத்து அண்ணன் சொன்ன மாதிரி போர்ட்டபிள் டிஸ்க்கு இன்னும் முக்குது. டீலர்கிட்ட கொட்டேஷன மாத்தச் சொல்லிட்டேன், 2.5 ஜி ஸ்விட்ச்சு, 10 ஜி கார்டு, சிஎம்ஆர் டிஸ்க்கு. இதெல்லாம் யார் சொன்னான்னு கேட்டார்.

கேபிள்_கருவாயன்:
எலின்னு சொல்லுங்க.