டிமென்ஷியா அளவுகோல்: இரண்டு பேர் போடும் மார்க் ஒத்துப்போகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

தக்கலை_மனநலம்:
நாகர்கோவில், விளவங்கோடு பக்கத்து முதியவர்களிடம் சி.டி.ஆர். அளவுகோலைத் தமிழில் பயன்படுத்தப் போகிறோம் (Clinical Dementia Rating: முதியவரிடமும் வீட்டாரிடமும் பேட்டி எடுத்து, டிமென்ஷியா என்ற மறதி நோயின் தீவிரத்தை ஆறு பகுதிகளில் 0, 0.5, 1, 2, 3 என்று மதிப்பிடுவது; 0 என்றால் சிக்கல் இல்லை, 3 என்றால் கடுமை). அதற்கு முன் நம்பகத்தன்மையைச் சோதிக்க வேண்டும். மதிப்பிடுவது ஓர் உளவியலாளரும் ஒரு ஸ்டாஃப் நர்ஸும். ஒரே பேட்டியின் வீடியோவைப் பார்த்து இருவரும் மார்க் போட்டால் போதுமா? மறுசோதனைக்கு எத்தனை நாள் இடைவெளி விடுவது? இன்னொரு சந்தேகம்: சுயபராமரிப்புப் பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போனாலும் கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒப்புதலை அளக்கும் எண்) மிகக் குறைவாக வருகிறது. இது ஏன்?

எண்_கணக்கு:
கப்பாவிலிருந்தே தொடங்குகிறேன். 50 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சிக்கல் இல்லை' என்று இருவரும் சொன்னது 44, 'சிக்கல் உண்டு' என்று இருவரும் சொன்னது 1. முதலாமவர் மட்டும் 'உண்டு' என்றது 3, இரண்டாமவர் மட்டும் சொன்னது 2. ஒத்துப்போனது 45, அதாவது 90 சதவீதம். ஆனால் ஏறத்தாழ எல்லோருக்குமே 'இல்லை' என்று போடுகிற இருவர், ஆளைப் பார்க்காமல் போட்டாலும் 86.96 சதவீதம் ஒத்துப்போவார்கள். அதைக் கழித்தால் (0.90 − 0.8696) ÷ (1 − 0.8696) = 0.23. சூத்திரத்தில் தப்பில்லை. உங்கள் மாதிரியில் அந்தப் பகுதியில் சிக்கல் உள்ளவர்களே இல்லை, அவ்வளவுதான். 0.5, 1, 2 நிலைகளில் உள்ளவர்களைத் தேடிச் சேருங்கள். கப்பாவை மட்டும் எழுதாமல் முழு அட்டவணையையும் கொடுங்கள்.

சுங்கான்கடை_நர்ஸிங்:
வீடியோ மட்டும் போதாது. ஒரே பேட்டியைப் பார்த்து மார்க் போட்டால் மார்க் போடுவதில் உள்ள வேறுபாடுதான் தெரியும். ஒருவர் துருவிக் கேட்பார், இன்னொருவர் முதல் பதிலோடு விட்டுவிடுவார். அந்த வேறுபாடு தனித்தனிப் பேட்டியில்தான் வெளியே வரும். இரண்டையும் செய்து, எண்களைத் தனித்தனியாக எழுதுங்கள். முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது விழுந்தால், பயிற்சி தர வேண்டியது கேள்வி கேட்பதில்.

இடைவெளி 10 முதல் 14 நாள். அதைவிடக் குறைந்தால் வீட்டார் போன தடவை சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள். மாதக்கணக்கில் போனால் நோயே நகர்ந்துவிடும். இரண்டு தடவையும் நாளின் அதே வேளையில் போங்கள், முடிந்தால் காலையில். அந்தி சாயும்போது குழப்பம் கூடுகிறவர்கள் உண்டு. இடையில் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, புதிதாகத் தூக்க மாத்திரை என்று ஏதாவது வந்திருந்தால் அவரை மறுசோதனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மார்க் அதிகம் பிரிவது தகவல் சொல்பவரால்தான். நம்ம மாவட்டத்தில் மகன் வளைகுடாவில், மருமகள் வீட்டில், மகள் மார்த்தாண்டத்தில் என்று இருக்கும். ஒரு தடவை மருமகளிடமும் மறு தடவை லீவுக்கு வந்த மகனிடமும் கேட்டால், நீங்கள் சோதிப்பது அளவுகோலை அல்ல, அந்தக் குடும்பத்தை. இரண்டு தடவையும் அதே ஆள்தான், அதுவும் தினமும் கூட இருக்கிறவர்.

அடுத்தது, 'முன்பு செய்ததில் எவ்வளவு குறைந்தது, அதுவும் அறிவுத்திறன் குறைவால்' என்ற விதி. மூட்டுவலியால் வடசேரி சந்தைக்குப் போகாதவருக்கும், கண்புரையால் பேப்பர் படிக்காதவருக்கும் அதற்காக மார்க் ஏறக் கூடாது. ஆயுசு முழுக்க அடுப்படிப் பக்கமே போகாத தாத்தாவிடம் சமையலைப் பற்றிக் கேட்டு என்ன பயன்? ரப்பர் பால் வெட்டியவரிடம் பால் உறைய வைக்க ஆசிட் அளவு சரியாக ஊற்றுகிறாரா, ஷீட் அடிக்கும் வரிசை தப்புகிறதா என்று கேளுங்கள். கடலுக்குப் போனவரிடம் வலை பழுது பார்க்கிறாரா என்று கேளுங்கள். எந்தத் தொழிலுக்கு எந்தக் கேள்வி என்று இருவரும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் 'வீடும் பொழுதுபோக்கும்' பகுதியில் கட்டாயம் பிரிவார்கள்.

சொல்லும் முக்கியம். 'நினைவாற்றல்' என்றால் விளவங்கோடு பக்கத்துப் பாட்டிகள் விழிப்பார்கள். 'ஓர்மை நிக்குதா?' என்றால் உடனே பதில் வரும். ஆனால் இருவரும் அதே சொல்லில் கேட்க வேண்டும்.

வேளிமலை:
இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

எடையிட்ட கப்பா (சிறிய பிரிவுக்குக் குறைவாகவும் பெரிய பிரிவுக்கு அதிகமாகவும் தண்டிக்கும் வகை) போடுகிறீர்கள் என்றால், 0, 0.5, 1, 2, 3 என்ற மதிப்புகளை அப்படியே எடுக்கிறீர்களா, ஐந்து படிகளாக எடுக்கிறீர்களா என்று முன்பே முடிவு செய்யுங்கள். வர்க்க எடையில் (பிரிவின் வர்க்கத்துக்கு ஏற்ப எடை குறையும் முறை), மதிப்பாக எடுத்தால் 0-க்கும் 0.5-க்கும் உள்ள பிரிவுக்கு 0.97 எடை கிடைக்கும், அதாவது ஏறத்தாழ முழு ஒப்புதல். படியாக எடுத்தால் 0.94. நோய் தொடங்கிவிட்டதா என்று தீர்மானிக்கும் இடமே அதுதான், அங்கேதான் தவறு மன்னிக்கப்படுகிறது. அந்தக் கட்டத்தைத் தனியாக எண்ணிப் பாருங்கள். சுயபராமரிப்பில் 0.5 கிடையாது, 0-விலிருந்து நேராக 1. ஆகவே அதற்குத் தனிக் கணக்கு.

ஆறு பகுதிகளின் கூட்டு மதிப்பெண்ணுக்கு (0 முதல் 18 வரை) ஐ.சி.சி. (intraclass correlation, இருவர் போடும் எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு; 1 என்றால் முழுமை) போடுங்கள். 'முழு ஒப்புதல்' வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'சீர்மை' வகையில், ஒருவர் எப்போதும் 2 மார்க் கூட்டிப் போட்டாலும் 1.0 வரும். குரோன்பாக் ஆல்பா இதற்கு உதவாது, அது கேள்விகளுக்குள் உள்ள ஒற்றுமையைத்தான் சொல்லும். திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பது) 4, ஐ.சி.சி. 0.90 என்றால் அளவீட்டுப் பிழை 4 × √0.10 = 1.26. ஒருவரிடம் உண்மையான மாற்றம் என்று சொல்ல 1.96 × √2 × 1.26, அதாவது சுமார் 3.5 மார்க் நகர வேண்டும். 0.90 என்று பார்த்ததும் நிம்மதியடையாதீர்கள்.

தக்கலை_மனநலம்:
தெளிவாகிவிட்டது, மிக்க நன்றி. ஒட்டுமொத்த மதிப்பு மட்டும் சில பேருக்குப் பிரிகிறது, ஐந்து பகுதிகள் ஒத்துப்போனாலும்.

சுங்கான்கடை_நர்ஸிங்:
பிரிவது நினைவுப் பகுதியாகத்தான் இருக்கும். அதுதான் முதன்மை, மற்ற ஐந்தும் துணை. நினைவு 0.5 ஆகிவிட்டால் ஒட்டுமொத்தம் 0 ஆகவே முடியாது. நினைவு 0 என்றால், துணைப் பகுதிகள் இரண்டிலாவது 0.5 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஒட்டுமொத்தம் 0.5 ஆகும். போன வாரம் நடந்த ஒன்றை, கல்யாணமோ கோயில் கொடையோ, வீட்டாரிடம் முதலில் தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு முதியவரிடம் கேளுங்கள். வீட்டார் பக்கத்தில் இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், ஒரு பேட்டியில் 0, மறு பேட்டியில் 0.5 என்று வரும்.