செங்கடல் கரையில் ஓர் அகழாய்வு, பெருந்தொற்று ஆண்டுகளில்: அனுபவப் பகிர்வு

பகிர்பவர்: பானையோட்டு ஆய்வாளர், புதுச்சேரி

2021ஆம் ஆண்டு சனவரியில் எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள பழைய துறைமுகம் ஒன்றில் அகழாய்வு செய்யத் திட்டமிட்ட பன்னாட்டுக் குழுவில், இந்தியப் பானையோடுகளை இனங்காணும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. அதே கரையின் பழந்துறைமுகங்களில், பெரெனிகேயில் இந்தியத் தாழி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்ததையும், குசேர் அல்-கதீமில் ‘பானை ஒறி’ (உறியில் தொங்கவிடும் பானை) என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த ஓடு கிடைத்ததையும் அறிந்தவர்களுக்கு, அந்தக் கரைக்குச் செல்ல நான் எவ்வளவு ஏங்கியிருப்பேன் என்பது புரியும்.

கோடையில் அந்தப் பாலைவனத்தில் வேலை செய்ய இயலாது. குளிர்காலம் கைநழுவினால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். எகிப்து 2020 மார்ச் 19 அன்று நிறுத்திய பன்னாட்டு விமானங்களை சூலை 1 முதல் மீண்டும் அனுமதித்ததால், ஆகஸ்டில் நம்பிக்கையோடு 22 பேர் கொண்ட பட்டியலை அனுப்பினோம். உண்மையான சிக்கல் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. அங்கே அகழாய்வு அனுமதி குழுவுக்கு மட்டும் வழங்கப்படுவதில்லை; ஒவ்வொருவரின் கடவுச்சீட்டு நகலும் மாதக்கணக்கில் முன்னதாகச் சென்று, பாதுகாப்புத் துறையின் ஒப்புதல் பெயருக்குப் பெயர் வர வேண்டும். ஒருவர் நோயுற்றாலோ அவருடைய நாடு எல்லையை மூடினாலோ, அவரிடத்தில் வேறொருவரைக் கடைசி வாரத்தில் அமர்த்த முடியாது.

என் பயணக் கணக்கு வேறு விதம். இந்தியாவில் வழக்கமான பன்னாட்டு விமானங்கள் நின்றிருந்தன. தனி ஏற்பாட்டில் பறந்த சிலவற்றை நம்பியே வழியைத் தேட வேண்டும். எகிப்து கேட்டதோ 72 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர். சான்று. மாதிரி கொடுத்து முடிவு கைக்கு வர ஒரு நாள், விமானம் மாறக் காத்திருக்க ஒரு நாள் என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தால், ஒரு விமானம் தாமதமானாலே சான்று செல்லாததாகிவிடும். கூடாரத்துக்கு இருவர் என்றிருந்ததை ஒருவர் என்று மாற்றி, நோய்கண்டவரைத் தனிமைப்படுத்தக் காற்று வீசும் திசை பார்த்து ஒரு கூடாரத்தை விலக்கி வைத்து, லாரியில் வரும் தண்ணீரைக் கை கழுவுவதற்கும் சேர்த்து மறுபடியும் கணக்கிட்டோம். மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருந்ததே எல்லாரையும் உறங்கவிடாத செய்தி.

டிசம்பரில் பிரிட்டனில் உருமாறிய கிருமி பரவியது. 22ஆம் தேதி நள்ளிரவு முதல் இந்தியாவும் அந்நாட்டு விமானங்களை நிறுத்தியது. எங்கள் தலைவர் இருந்தது பிரிட்டனில். காப்பீடு கிடைக்காது என்பதால் அவருடைய பல்கலைக்கழகம் பயண ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. பருவம் போயிற்று.

என்னை வாட்டியது அதற்குப் பின் வந்த தொலைபேசி அழைப்புதான். குஃப்த் ஊரைச் சேர்ந்த தொழிலாளர் தலைவரை அங்கே ‘ரயீஸ்’ என்பார்கள். 1893-94இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரீ அவ்வூரில் ஆட்களைப் பழக்கியது முதல், தலைமுறை தலைமுறையாக எகிப்தின் அகழாய்வுகளில் மண்ணடுக்கை விரல்களால் உணர்ந்து பிரிப்பவர்கள் அவர்கள். செங்கடலில் இறங்கிய நம் மிளகு ஒட்டகங்களில் ஏறி நைல் நதியைச் சேர்ந்த பழைய கொப்தோஸ் நகரமும் அதே குஃப்த்தான். “இந்த ஆண்டு எத்தனை ஆள்?” என்று எங்கள் ரயீஸ் தொலைபேசியில் கேட்டபோது, பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. செய்யாத வேலைக்குக் கூலி தர நிதிவிதிகள் இடம் கொடுக்கவில்லை. ஆகவே எகிப்திய ஆய்வாளர்களின் பொறுப்பில், சேமிப்பறையில் இருந்த பழைய ஓடுகளைக் கழுவி, எண்ணிட்டு, படமெடுக்கும் வேலையை மார்ச்சில் ஏற்பாடு செய்தோம். ஆறு பேருக்கு மட்டுமே வேலை கிடைத்தது. அது போதாது என்று அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன்.

பகிர்பவர்: தொல்லியல் மாணவி, டொராண்டோ

ஐயா எழுதியதைப் படித்ததும் என் 2020 நினைவுக்கு வந்தது. இஸ்ரேலில் ஒரு தொல்மேட்டின் கோடை அகழாய்வுக்குத் தன்னார்வலராகப் பதிந்து, பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தைக் கட்டியிருந்தேன். மார்ச் 9 அன்று வருவோர் அனைவருக்கும் 14 நாள் தனிமை என்றார்கள். நான்கு வாரப் பருவத்தில் இரண்டு வாரம் அறைக்குள்ளேயே கழியும் என்று கணக்கிட்டுக்கொண்டிருக்கும்போதே, 18ஆம் தேதி வெளிநாட்டவர் நுழைவே தடைபட்டது. தன்னார்வலர் கட்டும் பணமே அத்தகைய அகழாய்வுகள் பலவற்றின் செலவில் பெரும்பங்கைத் தாங்குகிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

2022 கோடையில்தான் போக முடிந்தது. முதல் வாரம் நாங்கள் தோண்டவே இல்லை. இடையில் கழிந்த குளிர்கால மழைகளில், குழிகளுக்கிடையே வெட்டாமல் விட்டிருந்த மண்வரப்பு சரிந்து, கவனமாகப் பிரித்து வைத்திருந்த அடுக்குகளின்மேல் கலந்து கிடந்தது. வெயிலில் மட்கிய மணல் மூட்டைகளைத் தொட்டால் சாக்கு மட்டும் கையோடு வந்தது. முட்செடிகள் இடுப்பளவு நின்றன. பயணத்தை ஒத்திவைத்தவர்கள், திறந்து கிடக்கும் குழியை யார் மூடுவார்கள் என்பதையும் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

பகிர்பவர்: பானையோட்டு ஆய்வாளர், புதுச்சேரி

தங்கை சொன்ன குழி பற்றிய கவலை எங்களுக்கு ஏற்படவில்லை. ரயீஸ் முந்தைய பருவத்திலேயே மணல் நிரப்பி மூடச் செய்திருந்தார்.

படங்களைக் கொண்டு நான் செய்த வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எகிப்தின் சட்டப்படி ஓடுகள் நாட்டை விட்டு வெளியேற மாட்டா. ஆகவே அளவுகோலும் வண்ண அட்டையும் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களே என் மேசைக்கு வந்தன. களிமண்ணில் உமி கலந்திருப்பதை நம் ஓடுகளுக்கான ஓர் அடையாளமாகக் கொண்டிருந்தேன். ஓரத்தில் நகமளவு குறடால் உடைத்து, நிழலில் வைத்துப் படமெடுக்கும்படி கேட்டு, 31 ஓடுகளை இந்திய ஓடுகள் என்று பதிவு செய்தேன்.

2023 சனவரியில் அங்கே சென்று, அவற்றை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து, பத்து மடங்கு காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். நான்கு ஓடுகளில் நான் உமி என்று கருதியது நைல் வண்டலில் கலந்த நறுக்கிய வைக்கோலின் தடம். பதிவேட்டில் அந்த நான்கு எண்களையும் அடித்து எகிப்திய ஓடுகளின் பக்கத்துக்கு மாற்றினேன். ரயீஸின் மகன் அவற்றை வேறு பெட்டிக்கு எடுத்து வைத்தான்.