ஆதாரை வெளித் தளத்தில் ஏற்றாமல் சைஸ் குறைக்க வழி உண்டா?

கோத்தகிரி ஜெராக்ஸ்:
வணக்கம். கோத்தகிரியில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். முதியோர் பென்ஷன், பட்டா, ஸ்காலர்ஷிப், கீழேயிருந்து வரும் சொந்தக்காரர் வண்டிக்கு இ-பாஸ் என்று எல்லாம் போட்டுக் கொடுப்போம். சில தளங்கள் படம் 50 கேபிக்குள், ஆவணம் 200 கேபிக்குள் கேட்கும். ஸ்கேன் செய்தால் 3 எம்பி வருகிறது. அதனால் சைஸ் குறைக்கும் இலவசத் தளம் ஒன்றில் ஏற்றி இறக்குவதுதான் வழக்கம்.

பென்ஷனுக்காக ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றிலிருந்து வந்த ஒரு அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, "என் கார்டு எந்த ஊருக்குப் போயிட்டு வருது கண்ணு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தளத்தின் தனியுரிமைக் கொள்கையில் ஒரு மணி நேரத்தில் கோப்பை அழித்துவிடுவதாகப் போட்டிருக்கிறது. நம்பலாமா? கணினியிலேயே குறைக்க முடியுமா? டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஊர் ஆதாரெல்லாம் கிடக்கிறது, அதற்கும் வழி சொல்லுங்கள். விண்டோஸ் 11.

குன்னூர் சர்வீஸ்:
அக்கா, முதலில் ஸ்கேனரைப் பாருங்கள். 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) கலரில் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 150 ஆக்கினால் புள்ளிகள் நாலில் ஒரு பங்காகிவிடும். கலர் கேட்காத ஆவணத்துக்கு கிரேஸ்கேல் (கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும்) போதும். நாப்ஸ்2 என்று ஒரு இலவச ஸ்கேன் மென்பொருள் இருக்கிறது. டிபிஐ, ஜேபெக் தரம் இரண்டையும் அதிலேயே குறைத்து நேராகப் பிடிஎஃப் ஆக்கலாம், நெட் தேவையில்லை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு பெயிண்டில் ரீசைஸ் கொடுத்தாலே 50 கேபிக்குள் வந்துவிடும்.

ஏற்கெனவே ஸ்கேன் செய்து கொண்டுவரும் பிடிஎஃப்பை லிப்ரேஆபீஸ் டிரா என்ற இலவச மென்பொருளில் திறந்து, எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஜேபெக் தரத்தை 60 சதவீதம் வையுங்கள். நெட்டில் இறக்கிய இ-ஆதார் பிடிஎஃப்பை மட்டும் அப்படித் திறக்காதீர்கள், தமிழ் எழுத்து சிதற வாய்ப்புண்டு.

கோத்தகிரி ஜெராக்ஸ்:
நன்றி தம்பி. சில தளங்கள் "கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது" என்று போடுகின்றனவே, அது உண்மையா?

குன்னூர் சர்வீஸ்:
சிலதில் உண்மை. ஸ்குவூஷ் என்ற படம் சுருக்கும் தளம் பிரவுசருக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். எந்தத் தளமானாலும் நீங்களே சோதிக்கலாம். பக்கம் முழுசாகத் திறந்ததும் வைஃபையை அணையுங்கள். பிறகு ஆதார் இல்லாத ஏதாவது ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள். வேலை நடந்தால் அந்தச் சுருக்கும் வேலை உங்கள் கணினியில்தான் நடக்கிறது. நின்றுபோனால் அந்தத் தளத்துக்கு ஊர் ஆவணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஊட்டி வக்கீல்:
அந்த "ஒரு மணி நேரம்" பற்றி. அது வாக்குறுதிதான், அழித்தார்களா என்று நம்மால் பார்க்க முடியாது. கொள்கையில் எதை அழிப்போம் என்கிறார்கள் என்று கவனியுங்கள். கோப்பு மட்டும் என்றிருந்தால், ஐபி முகவரி, குக்கீ விவரமெல்லாம் தனிக் கணக்கு. யாரோடு பகிர்வார்கள் என்ற பகுதியையும் படியுங்கள். 2011-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்திய நிறுவனம் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். அது இல்லாத தளத்தில் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வசதி தர வேண்டும் என்கிறது, தமிழும் அதில் உண்டு. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம்.

ஒன்று சொல்ல வேண்டும். டவுன்லோட்ஸில் கிடப்பது அவர்களுடைய ஆவணம். வேலை முடிந்த பிறகு அதை வைத்திருக்க நமக்குக் காரணமே இல்லை.

குன்னூர் சர்வீஸ்:
ஆமாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் செய்து, தினமும் ஓடும்படி அமைத்து, டவுன்லோட்ஸுக்கு 1 நாள் வையுங்கள். 1 நாள் திறக்காத கோப்பு போய்விடும். ரீசைக்கிள் பின்னுக்கும் அங்கேயே அமைப்பு உண்டு. வாடிக்கையாளர் லாகின் எல்லாம் குரோமின் கெஸ்ட் விண்டோவில் செய்யுங்கள், மூடியதும் குக்கீயும் வரலாறும் அழிந்துவிடும். இறக்கிய கோப்பு மட்டும் தங்கும், அதை நாம்தான் அழிக்க வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் இரண்டும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் பேக்கப் ஆகிறதா என்றும் பாருங்கள். ஆகிறதென்றால் ஊர் ஆவணத்துக்கு அதற்கு வெளியே, டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி ஜெராக்ஸ்:
நாப்ஸ்2 போட்டாச்சு. 150 கிரேஸ்கேலில் ரேஷன் கார்டு 200 கேபிக்குள் நிற்கிறது, எழுத்தும் தெளிவு. கடைசியாக ஒன்று: "அடுத்த தடவைக்கு நீயே வெச்சுக்கம்மா" என்று சிலர் சொல்கிறார்களே?

ஊட்டி வக்கீல்:
போன் இருப்பவர்களுக்கு டிஜிலாக்கர் (ஆவணம் வைக்கும் அரசு ஆப்) வைத்துக் கொடுங்கள். மற்றவர்களுக்கு அசல் கையில்தானே இருக்கிறது, அடுத்த முறை வரும்போது மறுபடி ஸ்கேன் செய்துவிடுங்கள்.